வராத படத்தின் முன்னோட்டம்: கடலூர், சிதம்பரம் வீடியோ காலமும் பழைய குங்ஃபூ ட்ரெய்லர்களும்

2016இல் செவரின் பிலிம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'குங்ஃபூ ட்ரெய்லர்ஸ் ஆஃப் ஃப்யூரி' என்றொரு புளூரே வட்டை வெளியிட்டது. அந்த வட்டில் ஒரு முழுப்படமும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ட்ரெய்லர்கள்தான் ஓடும். இங்கிலாந்தில் ஒரு திரையரங்கின் மேடைக்கு அடியில் கிடந்த 35 எம்.எம். சுருள்களிலிருந்து எடுத்தவை அவை. அவற்றில் சில விளம்பரப்படுத்திய படங்கள் இன்று எங்குமே கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் இலவசமாகக் காட்டி டிக்கெட் விற்கப் பயன்பட்ட துண்டுகளை இன்று காசு கொடுத்து வாங்கிப் பார்க்கிறார்கள்.

இந்த ஈர்ப்புக்கு மேலைநாட்டு எழுத்துகளில் பல விளக்கங்கள் உண்டு: இளமை நினைவு, அபத்தத்தை ரசித்தல், எதிர்ப்பின் அரசியல், தொலைந்த படங்களின் ஆவண மதிப்பு. பெருநகரத் தியேட்டரையும் சொந்த வீட்டு வி.சி.ஆரையும் மனதில் வைத்து உருவான விளக்கங்கள் இவை. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் வைத்துப் பார்த்தால் இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களில் குங்ஃபூ படம் முழுமையாக வந்து சேர்ந்ததே அரிது. தாமதமாகவும் வெட்டுப்பட்டும் மொழி புரியாமலும்தான் வந்தது. அரைகுறையாக வந்த படத்தை ரசிகன் தானே முழுமையாக்கிக்கொள்ளப் பழகினான். அந்தப் பழக்கத்துக்கு மிகப் பொருத்தமான வடிவம் ட்ரெய்லர்.

பெட்டி வந்த வழி

ஹாங்காங்கின் கிளியர்வாட்டர் பே பகுதியில் ஷா பிரதர்ஸ் கட்டிய ஸ்டூடியோ 1960களில் ஆலைபோல இயங்கியது. இயக்குநர் சாங் சேயின் 'ஒன் ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன்' (1967) அங்கே எடுத்த படம். 1970இல் ரேமண்ட் சௌ அந்நிறுவனத்தைவிட்டு விலகி கோல்டன் ஹார்வெஸ்டைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ப்ரூஸ் லீயை வைத்து 'தி பிக் பாஸ்' வந்தது. 1973இல் வார்னர் நிறுவனம் ஷாவின் 'கிங் பாக்ஸர்' படத்தை 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்' என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியிட, குங்ஃபூ உலகச் சரக்காயிற்று. அதே ஆண்டு ஜூலை 20ஆம் தேதி ப்ரூஸ் லீ இறந்தார். 'எண்டர் தி டிராகன்' அதற்குப் பிறகே திரைக்கு வந்தது. ஆக, தமிழ்நாட்டு ரசிகன் ப்ரூஸ் லீயை அந்தப் படத்தில் பார்த்தபோது அவர் ஏற்கெனவே இறந்துபோனவர். இனி அவரிடமிருந்து புதுப்படம் வராது என்ற அறிவோடுதான் ரசிகத்தன்மையே தொடங்கியது.

தமிழ்ச் சினிமா வியாபார வரைபடத்தில் கடலூரும் சிதம்பரமும் 'என்.எஸ்.சி.' ஏரியா. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு என்ற மூன்று பழைய மாவட்டங்களைச் சேர்த்து விநியோகஸ்தர்கள் வைத்த பெயர் அது. தென் ஆர்க்காட்டின் தலைநகரம் கடலூர். ஆனாலும் வெளிநாட்டுப் படத்தைப் பொறுத்தவரை இந்த ஊர்கள் வரிசையின் கடைசியில்தான் இருந்தன. புதுத் தமிழ்ப்படத்துக்கே சென்னையில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் வருவதுண்டு என்றால், இங்கிலீஷ் படத்தின் நிலை சொல்ல வேண்டியதில்லை. கிடைத்த இடம் காலைக்காட்சி. படப்பெட்டி வந்துசேரும்போது ரீல் அறுந்து ஒட்டியிருக்கும். சண்டைக்காட்சியிலேயே சில அடிகள் காணாமல் போயிருக்கும்.

ஹாங்காங் சண்டைப்படங்கள் இந்தியாவின் 'பி' வட்டத் திரையரங்குகளில் எப்படிப் புழங்கின என்பதை ஆந்திரத்தை மையமாக வைத்து எஸ்.வி. ஸ்ரீநிவாஸ் 2003இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். சிற்றூர் அரங்குகளில் இந்தப் படங்களின் வாழ்வை அவற்றின் கதையைவிட விநியோக முறையும் பார்வையாளர் வழக்கங்களுமே தீர்மானித்தன என்பது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம். என்.எஸ்.சி. ஏரியாவுக்கும் அது பொருந்தும். பேசும் ஆங்கிலம் பெரும்பாலோருக்குப் புரியாது. புரிந்தாலும் அந்த வசனம் ஹாங்காங்கில் பின்னால் சேர்த்த டப்பிங்தான். அக்காலப் படங்கள் பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுத்து, பிறகு மொழி மொழியாகக் குரல் சேர்க்கப்பட்டவை. கதை கைநழுவிப் போனபின் மிஞ்சுவது உடம்பும் ஓசையும். ட்ரெய்லரும் அதைத்தான் தருகிறது.

டெக் எடுத்த காலம்

1982 டெல்லி ஆசிய விளையாட்டுகளையொட்டி நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி பரவியது. வீடியோவும் கூடவே வந்தது. இன்றைய கடலூர் மாவட்டத்துக்கு இதில் தனிப் பாதை உண்டு. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பகுதிக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாத் தொடர்பு பழையது. ஊர் திரும்புபவரின் பெட்டியில் துணியும் சென்ட்டும் இருந்த இடத்தில் வி.சி.ஆரும் கேசட்டும் சேர்ந்துகொண்டன. இன்னொரு பக்கம் 1956 முதல் வளர்ந்த நெய்வேலி நகரியம், மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த சந்தையாக இருந்தது. அண்ணாமலை நகர் விடுதிகளில் பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தார்கள்.

சொந்தமாக வாங்க முடியாதவர்கள் 'டெக்' (வி.சி.ஆர்.) எடுத்தார்கள். டி.வி., டெக், மூன்று நான்கு கேசட், எல்லாம் ஓர் இரவு வாடகை. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் தெருவை அடைத்துப் பாய் விரித்துப் படம் போட்டார்கள். முதலில் பக்திப்படம், அப்புறம் எம்.ஜி.ஆர். அல்லது ரஜினி, பெரியவர்கள் தூங்கியபின் சண்டைப்படம் என்று விடியும்வரை ஓடும். திரையரங்குகளுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்பதற்குச் சட்டமே சாட்சி. வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 1984இல் தனிச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டு மத்திய அரசும் வீடியோத் திருட்டைக் கருதிப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது.

வீட்டு வீடியோ மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தது. முதலாவது, பார்ப்பவர் மாறினார். காலைக்காட்சிக்குப் பெண்களும் சிறுபிள்ளைகளும் போகும் வழக்கம் இல்லை. தெருவில் டெக் ஓடியபோது பாயில் அவர்களும் இருந்தார்கள். குங்ஃபூவை ஆண்களின் நினைவாக மட்டுமே எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தில் தவறுகின்றன.

இரண்டாவது, ட்ரெய்லர் இடம் மாறியது. தியேட்டரில் அது இடைவேளைக்குப் பக்கத்தில் வந்து போய்விடும். அதற்கும் தனியாகத் தணிக்கைச் சான்று வேண்டும் என்பதால் எல்லா ட்ரெய்லரும் வராது. வெளிநாட்டு கேசட் நிறுவனங்களோ தம் அடுத்த சரக்கை விற்க, டேப்பின் தொடக்கத்திலேயே பல படங்களின் முன்னோட்டங்களைக் கோத்துவைத்தன. நகல் எடுப்பவர் மூல டேப்பை முதலிலிருந்தே ஓடவிட்டால் அவையும் சேர்ந்தே பதிவாகும். போதாததற்கு, வழக்கமான இ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடக்கூடியது. குங்ஃபூ படம் ஒன்றரை மணி நேரம்தான். மிச்ச இடத்தை எதையாவது போட்டு நிரப்பத் தோன்றுவது இயல்பு. இப்படித்தான் சிங்கப்பூரிலோ லண்டனிலோ உள்ள வாடிக்கையாளருக்காகச் செய்த விளம்பரம், அந்தப் படம் ஒருபோதும் வராத ஊரில் ஓடியது.

மூன்றாவது, கையில் ரிமோட் வந்தது. திருப்பிப் போடலாம், நிறுத்திப் பார்க்கலாம். ஓர் உதையை ஐந்து முறை பார்க்க முழுப்படத்தைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, உதைகள் மட்டுமே அடுக்கிய ட்ரெய்லர் வசதியானது. உடற்பயிற்சி செய்யும் பையன்களுக்கு அதுவே பாடமாகவும் ஆனது.

இரண்டரை நிமிட இலக்கணம்

லிசா கெர்னன் 2004இல் வெளியிட்ட 'கமிங் அட்ராக்‌ஷன்ஸ்' என்ற நூலில், ட்ரெய்லர் மூன்றை முன்வைத்துப் பார்வையாளரை இழுக்கிறது என்கிறார்: படத்தின் வகை, கதை, நட்சத்திரம். பழைய குங்ஃபூ ட்ரெய்லரில் கதை ஒப்புக்குத்தான் இருக்கும். குருவைக் கொன்றார்கள், சீடன் பழிவாங்குகிறான் என்பதைச் சொல்லச் சில விநாடி போதும். நட்சத்திரமும் பல நேரம் நம்பத்தகுந்ததல்ல. ப்ரூஸ் லீ இறந்தபின் ப்ரூஸ் லி, ப்ரூஸ் லே, டிராகன் லீ என்று ஒரு வரிசையே புறப்பட்டது. ட்ரெய்லரின் வெட்டுவேகத்தில் முகம் சரியாகத் தெரியாது என்பது அந்த வியாபாரிகளுக்கு வசதி. எனவே பாரமெல்லாம் வகையின்மேல் விழுகிறது: இன்ன பள்ளி, இன்ன ஆயுதம், இதுவரை காணாத வித்தை.

ட்ரெய்லர் வேலை செய்யும் விதம் இன்னும் சுவையானது. ஹாங்காங் சண்டைக்காட்சியின் தாளத்தைத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் 'நிற்றல், வெடித்தல், மீண்டும் நிற்றல்' என்று விளக்குகிறார். உடல் ஒரு நிலையில் உறைகிறது, மின்னலாய்ச் சில அடிகள், மறுபடி உறைகிறது. ட்ரெய்லர் வெட்டுபவர் இந்த வெடிப்புகளைப் பொறுக்கிச் சேர்க்கிறார். நிற்க வேண்டிய இடத்தில் பிம்பத்தையே உறையவைத்து, அதன்மேல் பெரிய சீன எழுத்துகளையும் ஆங்கிலத் தலைப்பையும் அறைகிறார். படத்தில் நடிகரின் உடல் செய்ததை ட்ரெய்லரில் கத்தரி செய்கிறது. சட்டென்று முகத்துக்குப் பாயும் ஜூம், கையசைவுக்கெல்லாம் காற்றைக் கிழிக்கும் ஓசை, டி வோல்ஃப் போன்ற இசைக்கிடங்குகளிலிருந்து எடுத்த பின்னணி இசை எல்லாம் இதற்குத் துணை. மொழி தெரியாதவனுக்கும் இந்தத் தாளம் தெரிந்துவிடும். பறைக்கும் தவிலுக்கும் பழகிய காதுக்கு, ஓசை எப்போது அடங்கி எப்போது எழும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விளக்கங்களும் அவற்றின் எல்லையும்

முதல் விளக்கம் இளமை நினைவு. காலைக்காட்சித் தலைமுறைக்கு இது பொருந்தும். ஆனால் இன்று இந்த ட்ரெய்லர்களை விரும்பிப் பார்ப்பவர்களில் அதற்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். 2007இல் தொடங்கிய சுட்டி டி.வி.யில் தமிழ் பேசிய ஜாக்கி சான் கார்ட்டூன் வழியாக இந்த உலகுக்குள் நுழைந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுக்கு நினைவுகூர 'டிரங்கன் மாஸ்டர்' (1978) வெளியான காலமே கிடையாது. அவர்கள் பார்க்காத படத்தின் ட்ரெய்லருக்கு மனம் ஏங்குவதை நினைவு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அபத்த ரசனை. வாய் ஒரு பக்கம் அசைய வசனம் ஒரு பக்கம் ஒலிப்பது அமெரிக்க ரசிகருக்குப் பெரும் சிரிப்பு. தமிழ் ரசிகருக்கு அது அவ்வளவு விசித்திரமல்ல. விட்டலாச்சார்யாவின் தெலுங்கு மாயாஜாலப் படங்களைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே. உதடும் வசனமும் பொருந்தாமை நமக்குப் படம் பார்ப்பதன் இயல்பான விதிகளில் ஒன்று. நாம் சிரிப்பது வேறு இடங்களில்: வெள்ளைத் தாடி ஒட்டிய கிழவர் எதிரியைத் தொடாமலே வீழ்த்தும்போது, முப்பது பேர் வரிசைகட்டி ஒவ்வொருவராக வந்து அடிவாங்கும்போது. அந்தச் சிரிப்பு கைதட்டலோடு சேர்ந்தே வரும். நம் ஊர்ச் சண்டைக்காட்சிகளையும் அப்படியே ரசிக்கிறோம். ஆகவே ஏளனம் என்ற விளக்கம் இங்கே பாதிதான் தேறும்.

மூன்றாவது, எதிர்ப்பின் அரசியல். 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் (1972) நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்ற பலகையை ப்ரூஸ் லீ உதைத்து நொறுக்குகிறார். ஆப்பிரிக்க, ஆசிய மக்களிடையே குங்ஃபூ உருவாக்கிய உறவை விஜய் பிரசாத் 2001இல் ஒரு நூலாகவே எழுதினார். தான்சானிய இளைஞர்கள் ப்ரூஸ் லீயிடம் சிக்கனத்தின் அழகைக் கண்டதை மே ஜோசப் எழுதியிருக்கிறார்: ஆயுதம் இல்லை, பணம் இல்லை, உடம்பு ஒன்றே சொத்து. தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்குக் கண்கூடான சான்று உண்டு. பெயருக்கு முன்னால் 'கராத்தே' என்று போட்டுக்கொள்வது ஒரு பட்டமாயிற்று. 1983 பொங்கலுக்கு வந்த 'பாயும் புலி'யில் ரஜினிகாந்த் 'ஷாவ்லினின் 36ஆம் அறை' (1978) பாணியில் அடிவாங்கிப் பயின்று எழுகிறார். மிஷ்கினின் 'முகமூடி' (2012) நாயகனின் அழைப்புப்பெயரே லீ. ஆனால் இந்த விளக்கம் குங்ஃபூ படத்தின் ஈர்ப்பைச் சொல்கிறதே தவிர, ட்ரெய்லரின் தனி ஈர்ப்பைத் தொடவில்லை. பலகை உடைவதன் நியாயம் புரியக் கதை வேண்டும். ட்ரெய்லரில் பலகை உடைவது மட்டும் இருக்கும்.

நான்காவது, நம் ஊரே சேர்த்துக்கொண்ட விளக்கம்: உள்ளூர்ப் பெருமை. போதிதருமர் காஞ்சிப் பல்லவ இளவரசர், அவரே ஷாவ்லின் மடத்துக்குச் சண்டை கற்பித்தார் என்ற கதை 'ஏழாம் அறிவு' (2011) படத்துக்குப் பின் வீடுதோறும் பரவியது. சிதம்பரத்தில் இது இன்னொரு படி ஏறி, நடராசர் கோயில் கோபுர வாயில்களில் உள்ள 108 கரணச் சிற்பங்களோடும் முடிச்சுப் போடப்படுகிறது. சான்றுகள் இதற்கு இடம் தருவதில்லை. போதிதருமரைத் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய மரபு சீனத்தில் உண்டு என்பது சரி. ஆனால் அவரை உடற்பயிற்சியோடு இணைப்பது 17ஆம் நூற்றாண்டு நூலொன்றின் வழியாக வந்த வழக்கு. ஷாவ்லின் துறவிகள் போரில் இறங்கியதைச் சொல்லும் கல்வெட்டு 728ஆம் ஆண்டினது. சிதம்பரத்துக் கரணச் சிற்பங்கள் அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை, அவை நாட்டிய சாத்திரத்தைச் சார்ந்தவை. வரலாற்று உறவு நிறுவப்படாவிட்டாலும், ஓர் உடல்நிலையைக் கதையிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்திப் பார்க்கும் கண் இந்த ஊருக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்லலாம். அதற்குமேல் போவது ஆசை.

ஐந்தாவது, ஆவண மதிப்பு. முழுப்படம் தொலைந்து ட்ரெய்லர் மட்டும் மிஞ்சியிருந்தால் அதுவே படத்தின் ஒரே சாட்சி. வலுவான வாதம்தான். 'கேம் ஆஃப் டெத்' (1978) இதன் உச்சம். 1972இல் ப்ரூஸ் லீ எடுத்துவைத்த காட்சிகளில் சுமார் 11 நிமிடத்தை வைத்துக்கொண்டு, மற்றதை வேறு ஆட்களால் நிரப்பி முழுப்படமாக விற்றார்கள். மஞ்சள் உடையில் அவர் படியேறும் அந்தத் துண்டு, ஒருபோதும் வராத படத்தின் முன்னோட்டம் என்றே சொல்லலாம். ஆனால் ஆவண மதிப்பு ஆய்வாளனின் காரணம். வாடகை டெக் முன்னால் உட்கார்ந்தவன் அதற்காகப் பார்க்கவில்லை.

பழுதைப் பற்றி

கோடு விழுந்த படம், அலையும் நிறம், கரகரக்கும் ஒலி இவையும் ஈர்ப்பில் ஒரு பங்கு என்பார்கள். நைஜீரிய வீடியோக்களை ஆராய்ந்த பிரையன் லார்க்கின், நகலின் நகலில் படியும் மங்கலும் இரைச்சலும் அந்தப் பார்வை அனுபவத்தின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன என்று காட்டினார். கடலூர் கரையில் இதற்கு இயற்கையும் துணை செய்தது. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த டேப் டெக்கின் ஹெட்டையும் கெடுக்கும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30இல் கரைகடந்த தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்து வந்த அழிவுகளில் வீட்டுச் சாமான்களோடு கேசட்டுகள் மட்டும் எப்படித் தப்பும்? பிறகு வந்த வி.சி.டி. பூஞ்சையிலிருந்து காத்தது, ஆனால் படத்தைச் சதுரம் சதுரமாக உடைத்தது. ஒரு வட்டில் 74 நிமிடம்தான் என்பதால் இறுதிச் சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் வட்டு மாற்ற வேண்டியிருந்தது.

இந்தப் பழுதை அழகாக்கிப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நல்ல பிரிண்ட் சென்னையோடு நின்றதும், நல்ல கேசட் வாங்கக் காசில்லாததும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனாலும் ஒன்று உண்மை. இரண்டரை நிமிடத் துண்டில் பழுது அதிகம் உறுத்துவதில்லை. தொண்ணூறு நிமிடம் மங்கலாகப் பார்ப்பது சோர்வு, இரண்டரை நிமிடத்தை மனம் தானே துலக்கிக்கொள்ளும்.

முழுப்படம் வந்தபின்

என் வாதத்துக்கு ஒரு கடுமையான சோதனை இருக்கிறது. படம் வராததால்தான் ட்ரெய்லர் ஈர்த்தது என்றால், படம் வந்ததும் ஈர்ப்பு குறைய வேண்டும். ஷா பிரதர்ஸின் சுமார் 760 படங்களின் உரிமையை செலஸ்டியல் பிக்சர்ஸ் வாங்கி, 2002 முதல் மெருகேற்றி டி.வி.டி.களாக வெளியிட்டது. 2021இல் ஆரோ வீடியோ 'ஷாஸ்கோப்' தொகுப்புகளைத் தொடங்கியது. கைப்பேசியில் தேடினால் கிடைக்காத படம் குறைவு. ஆனால் பழைய ட்ரெய்லரின் ஈர்ப்பு குறைந்துவிடவில்லை. செலஸ்டியல் தன் டி.வி.டி.களுக்குப் புதிதாக வெட்டிய பளபளப்பான ட்ரெய்லர்களைச் சேர்த்தபோதும் ரசிகர்கள் தேடியது பழைய ட்ரெய்லரைத்தான்.

எனவே 'வராத படம்' என்பதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். ட்ரெய்லர் வாக்களித்த படம் ஒன்று, ஸ்டூடியோ எடுத்த படம் இன்னொன்று. எடுத்த படத்தில் சத்திரத்தில் உட்கார்ந்து பேசும் நீண்ட காட்சிகளும் அசட்டு நகைச்சுவையும் இருக்கும். ட்ரெய்லரைப் பார்த்தவன் மனதில் ஓட்டிக்கொண்ட படத்தில் அவை கிடையாது. அந்தப் படத்தின் எடிட்டர் அவனேதான். பெருநகர ரசிகனுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள்தான் இடைவெளி. படம் வந்ததும் மனப்படம் கலைந்துவிடும். கடலூரிலும் சிதம்பரத்திலும் இடைவெளி பல ஆண்டுகள், சில படங்களுக்கு முடிவே இல்லை. மனப்படம் வேரூன்ற அந்தக் காலம் போதும். வெட்டுப்பட்ட பிரிண்ட், தேய்ந்த டேப், இரண்டாகப் பிளந்த வி.சி.டி. என்று வந்ததெல்லாம் துண்டாக வந்த ஊரில், துண்டாகவே பிறந்த ட்ரெய்லர் மட்டும்தான் குறையில்லாமல் வந்து சேர்ந்தது.

இதிலிருந்து நடைமுறை முடிவு ஒன்றும் வருகிறது. சேகரிப்பவர்கள் முழுப்படத்தைத் தேடுகிறார்கள், கேசட்டின் முதல் பத்து நிமிடத்தை ஓட்டித் தள்ளிவிடுகிறார்கள். எந்த நாட்டு டேப்பிலிருந்து நகல் வந்தது, எந்தக் கடை தன் பெயரைத் திரையின் அடியில் ஓடவிட்டது என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கின்றன. உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. சென்னை ரோஜா முத்தையா நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் சினிமா நோட்டீசுகளையும் வரலாற்றுச் சான்றாக மதித்துக் காத்ததால்தான் தமிழ்ச் சினிமாவின் ஆரம்பகாலத்தைப் பற்றி இன்று எழுத முடிகிறது. வீடியோ காலத்துக்கு அப்படியொரு வேலை நடந்ததாகத் தெரியவில்லை. சிதம்பரத்தின் லேனா, வடுகநாதன் போன்ற அரங்குகளில் ரீல் ஓட்டியவர்கள், திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் டெக் வாடகைக்கு விட்டவர்கள், பரங்கிப்பேட்டையில் கேசட் கொண்டுவந்தவர்கள் இவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு பல்கலைக்கழகத் துறை முன்வந்தாலே போதும். அதற்கு முன்னால் வீட்டுப் பரணில் கேசட் இருப்பவர்கள் செய்யக்கூடியது எளிது: நகல் எடுக்கும்போது படம் தொடங்கும் இடத்துக்கு ஓட்டாமல், டேப்பின் முதல் அங்குலத்திலிருந்தே எடுங்கள்.